டிசைன் திங்கிங்கில் மாதிரியைப் பயனர்களிடம் சோதித்துத் திருத்துவது எப்படி? எத்தனை பேரிடம் காட்டினால் போதும்?

டிசைன் திங்கிங் என்பது பயனரின் தேவையிலிருந்து தொடங்கி ஒன்றை வடிவமைக்கும் முறை; மாதிரி என்பது முழுதாகச் செய்யும் முன் காட்டிப் பார்க்கும் முன்வடிவம். எத்தனை பேர் என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே வகை வேலை செய்கிற ஐந்து பேர் போதும். ஐந்து பேரிடம் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் தெரிந்துவிடும் என்று பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். பலரும் அதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அதே கட்டுரையின் மறுபாதிதான் முக்கியம்: பதினைந்து பேர் கிடைத்தால் எல்லோரிடமும் ஒரேயடியாகக் காட்டிவிடாதீர்கள். ஐந்து பேரிடம் காட்டுங்கள், திருத்துங்கள், அப்புறம் அடுத்த ஐந்து பேரிடம் போங்கள்.

"ஒரே வகை வேலை" என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. குமுளிப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்காகச் செயலி செய்யும் சிறு குழுவில் இருக்கிறேன். எடுத்த காயை எடை போட்டு நோட்டில் எழுதுகிறார்கள் அல்லவா, அதைப் போனில் பதிவதற்கான செயலி. பதிகிற சூப்பர்வைசர் மலையாளம் படிப்பவர். காய் எடுப்பவர்கள் கம்பம், உத்தமபாளையம் பக்கமிருந்து காலையில் ஜீப் ஏறி வரும் பெண்கள். செயலி ஒன்று, பயனர் இரண்டு வகை. இருவரையும் கலந்து ஐந்து என்று எண்ணினால் கணக்கு தப்பிவிடும். அதோடு, சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் அக்காக்கள் வாயே திறக்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், அவர் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் உட்காருவோம்.

"எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் அதற்கு ஒரே பதில்தான்: "நல்லாத்தான் இருக்கு தம்பி." மெனக்கெட்டு மலையேறி வந்த பிள்ளையின் மனசை யார் நோகடிப்பார்கள்? வேலை ஒன்றைக் கொடுங்கள். "அக்கா, இன்னைக்கு நீங்க எடுத்த காய் எத்தனை கிலோன்னு இதுல பாருங்க" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அவர் தடுமாறும்போது உதவி செய்யக் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தத் தடுமாற்றத்தைப் பார்க்கத்தான் போயிருக்கிறோம்.

எங்கள் மாதிரி வடிவம் வெறும் காகிதம்தான். போன் அளவில் வெட்டிய அட்டை, மேலே திரைகளை வரைந்த தாள்கள். அவர் விரல் வைக்கும் இடத்துக்கு ஏற்ப எங்களில் ஒருவர் தாளை மாற்றுவார். ஒரு அக்கா எடையைப் பார்த்தார். பெரிதாக வரைந்திருந்த "சரி" பொத்தானைத் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "நேத்து நமக்கு எம்புட்டு போட்டாங்க?" என்று கேட்டார். அடுத்து வந்தவர்களும் நேற்றைய எடையைத்தான் தேடினார்கள். அதோடு ஒப்பிட்டுத்தான் இன்றைய எடையை நம்பலாமா என்று முடிவு செய்கிறார்கள். எத்தனை கேள்வி கேட்டிருந்தாலும் இது வெளியே வந்திருக்காது என்று உறுதியாக நம்புகிறேன். இன்றைய எடைக்குக் கீழேயே நேற்றையதையும் எழுதிய தாளை அன்று இரவே வரைந்துவிட்டோம். காகிதத்தில் இருந்ததால்தான் அது ஒரு இரவு வேலையாக முடிந்தது.

முடிந்தால் இரண்டு மூன்று மாதிரிகளைக் கொண்டுபோங்கள். ஒன்றை மட்டும் பார்த்தவர்கள் கூடுதல் மதிப்பெண் கொடுப்பதையும், பலவற்றைப் பார்த்தவர்கள் குறைகளைத் தாராளமாகச் சொல்வதையும் மரியம் தோஹிதி, பில் பக்ஸ்டன் உள்ளிட்டோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். "இதைவிட அது தேவலை" என்று சொல்வதில் யார் மனசும் புண்படாது.

குறிப்பு எடுக்கும்போது கண்ணால் பார்த்ததை ஒரு பக்கமும், அதற்கு நீங்கள் நினைத்த காரணத்தை எதிர்ப் பக்கமும் எழுதுங்கள். "பொத்தானைத் தொடவில்லை" என்பது பார்த்தது. "பொத்தான் கண்ணில் படவில்லை" என்பது ஊகம். ஊகத்தை வைத்துத் திருத்தப் போனால் பொத்தான் பெரிதாகிக்கொண்டே போகுமே தவிர, நேற்றைய எடை வராது. பெரும்பாலோர் ஒரே இடத்தில் தடுமாறி நின்றால் உடனே திருத்துங்கள். ஒருவர் மட்டும் நின்றால் அடுத்த சுற்று வரை பொறுத்துப் பாருங்கள்.

காகிதத்தில் தெரியாததும் உண்டு. ஆடிச் சாரலில் நனைந்த விரலுக்குத் தொடுதிரை சரியாகக் கேட்பதில்லை. அதனால் ஒரு சுற்றையாவது உண்மையான போனில், எடை போடும் இடத்திலேயே, ஈரக் கையோடு நடத்துங்கள். பொத்தான் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை அங்கே முடிவு செய்துகொள்ளலாம்.