முருங்கை இலை கேப்ஸ்யூல்: அம்மாவுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 58. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் எடுத்துக்கொள்கிறார். ஹீமோகுளோபின் 9.8 தான் இருக்கிறது. உறவினர் ஒருவர் முருங்கை இலை எக்ஸ்ட்ராக்ட் கேப்ஸ்யூல் வாங்கித் தந்திருக்கிறார். ஒன்று 500 மி.கி., தினமும் இரண்டு. டப்பாவில் 'ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டது' என்று போட்டிருக்கிறது. கொடுக்கலாமா? – கரூர் வாசகி

பதில்: இரத்தசோகைக்காக என்றால் கேப்ஸ்யூல் வேண்டாம். கீரையாகவே சமைத்துக் கொடுங்கள்.

100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் சுமார் 6 கிராம் புரதமும், 4 மி.கி.க்குச் சற்று மேல் இரும்புச்சத்தும், 300 மி.கி. அளவில் கால்சியமும் இருக்கின்றன. உலர்த்திப் பொடித்தால் நீர் போய்விடுவதால் இரும்பு 100 கிராமுக்கு 25 மி.கி.யைத் தாண்டும். 'பசலையைவிட 25 மடங்கு இரும்பு' என்ற விளம்பரம் உலர்ந்த பொடியைப் பச்சைக் கீரையோடு ஒப்பிட்டுச் சொல்வது. பக்கத்திலேயே 'ஆரஞ்சைவிட 7 மடங்கு வைட்டமின் சி' என்றிருக்கும். அது பச்சை இலைக்கான கணக்கு. உலர்த்தும்போது அந்த வைட்டமினில் பெரும்பகுதி அழிந்துவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் அச்சடிப்பது நோயாளிகளை ஏமாற்றுவதுதான்.

உங்கள் அம்மாவுக்குச் சொன்ன இரண்டு கேப்ஸ்யூலும் சேர்ந்து ஒரு கிராம். அதில் வெறும் இலைப்பொடியே இருந்தாலும் கிடைக்கும் இரும்பு கால் மில்லிகிராமை ஒட்டித்தான். 50 கிராம் கீரையில் செய்த பொரியலில் 2 மி.கி. இருக்கும். சாப்பிடும்போது சிறிது எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்பு நன்றாக உடலில் சேரும். காபி, தேநீரைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள்.

எக்ஸ்ட்ராக்ட் என்பது பொடியும் அல்ல. இலையைத் தண்ணீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து, வடிகட்டி, வற்றவைத்து எடுக்கும் செறிந்த சாறு. தண்ணீரில் எடுத்தால் நார்ச்சத்தும் பீட்டா கரோட்டினும் புரதத்தின் பெரும்பகுதியும் சக்கையிலேயே தங்கிவிடும். கரைந்து வருபவை குவர்செட்டின் வகைகள், குளோரோஜெனிக் அமிலம் போன்ற தாவர வேதிப்பொருள்கள். 10:1 என்று எழுதியிருந்தால் பத்து கிலோ இலையிலிருந்து ஒரு கிலோ எடுத்தார்கள் என்று பொருள். ஆகவே 'தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்ட கீரைதானே' என்ற வாதம் இதற்குச் செல்லாது. கரைப்பான் மாறினால் சாறும் மாறும். ஒன்றுக்குச் செய்த சோதனை இன்னொன்றுக்குச் சான்றாகாது.

'சோதிக்கப்பட்டது' என்றால் எந்தச் சோதனை என்று கேளுங்கள். பலரும் காட்டுவது, ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பின் சோதனை வழிமுறைகளில் 423 என்ற எண்ணுள்ள குறுகிய கால நச்சுச் சோதனை. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எலிகளுக்கு ஒரே ஒரு முறை, பெரும்பாலும் உடல் எடையில் கிலோவுக்கு 2000 மி.கி. வரை கொடுத்து, 14 நாள் கவனிப்பார்கள். எலி சாகவில்லை என்பது மட்டுமே அதில் தெரியும். தினமும் மாதக்கணக்கில் சாப்பிடும் பொருளுக்கு அதே அமைப்பின் 408 என்ற 90 நாள் சோதனை வேண்டும்: மூன்று அளவுகள், ஒவ்வொன்றிலும் பத்து ஆண், பத்துப் பெண் எலிகள், இரத்தம், கல்லீரல், சிறுநீரகத் திசு வரை பார்ப்பார்கள். தீங்கு தெரியாத உச்ச அளவை வழக்கமாக நூறால் வகுத்துத்தான் மனிதருக்கான அளவை வைப்பார்கள். மரபணுச் சேதத்துக்கு ஏம்ஸ் சோதனை தனியே உண்டு. கானாவில் செய்து 2012இல் வெளியான ஓர் ஆய்வில், முருங்கை இலைச்சாறு கிலோவுக்கு 1000 மி.கி. வரை எலிகளுக்குப் பாதுகாப்பாக இருந்தது, 3000 மி.கி.யில் மரபணுப் பாதிப்பு தெரிந்தது. கேப்ஸ்யூல் அளவு அதற்கு மிகக் கீழே என்பது உண்மை. ஆனாலும் அளவு ஒரு பொருட்டே இல்லை என்பவர்களை நம்ப வேண்டாம்.

இவை தவிர, டப்பாவில் உள்ள அந்தத் தொகுப்பு (பேட்ச்) எண்ணுக்கே ஈயம், காட்மியம், ஆர்செனிக், பூச்சிக்கொல்லி எச்சம், சால்மோனெல்லா பார்த்த அறிக்கை வேண்டும். ஆய்வகங்களின் தரத்தைச் சரிபார்க்கும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தினுடையதாக இருக்கட்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் டப்பாவில் இருந்தால் மட்டும் போதாது. அது உற்பத்தியாளருக்கான உரிமம், அந்தத் தொகுப்புக்கான சான்று அல்ல.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை கிளிமிபிரைடு. அந்த மாத்திரையே சர்க்கரையை அதிகம் இறக்கக்கூடியது. முருங்கைச் சாற்றுக்கும் இறக்கும் தன்மை ஓரளவு இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஏற்கெனவே கொடுக்கத் தொடங்கியிருந்தால் நிறுத்திவிட்டு, டப்பாவை மருத்துவரிடம் காட்டுங்கள். வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

இன்னொன்று: மெட்ஃபார்மினை நீண்ட காலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சர்க்கரையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலும் ஹீமோகுளோபின் இறங்கும். இரண்டிலும் இரும்பைக் கூட்டுவது மட்டும் தீர்வாகாது. ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), பி12, கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாடு) ஆகிய மூன்று இரத்தப் பரிசோதனைகளையும் இந்த வாரமே எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.