கடல் தாண்டி வரும் பொருளும் அதற்கான வரியும்: வாசகர் கேள்வி–பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பொருள்களுக்கான வரியைப் பற்றியவை. ஆகவே அவற்றை மட்டும் சுருக்கி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜித்தாவில் வேலை செய்யும் என் அண்ணன் எனக்குக் கூரியரில் ஒரு கைக்கடிகாரம் அனுப்பப் போகிறார். அன்பளிப்புக்கு வரி இல்லை என்கிறார்களே? (மேல்விஷாரம்)

உண்டு. அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் பொருள் வரவழைப்பது 2019 டிசம்பரிலேயே தடைசெய்யப்பட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டுமே விலக்கு. உரிய வரியைக் கட்டினால் கடிகாரம் உங்கள் கைக்கு வந்து சேரும்.

8,000 ரூபாய்க்கு ஒரு கீபோர்டு வரவழைத்தேன், அனுப்புகூலி 2,000. விடுதி வாசலில் கூரியர்காரர் 5,900 ரூபாய் கேட்டார், கொடுத்துவிட்டேன். அரசு இவ்வளவு வரியா வாங்குகிறது? (காட்பாடி, கல்லூரி மாணவர்)

தம்பி, முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சுங்கத்துறை பொருளின் விலையை மட்டும் பார்ப்பதில்லை. விலையோடு அனுப்புகூலியையும் காப்பீட்டையும் கூட்டி, தான் அறிவித்திருக்கும் மாற்று விகிதத்தில் ரூபாயாக்கி, அந்தத் தொகையைத்தான் மதிப்பாகக் கொள்கிறது. அந்த மதிப்பின் மேல் சுங்க வரி விழும். பிறகு மதிப்பும் சுங்க வரியும் சேர்ந்த தொகையின் மேல் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்கான ஜிஎஸ்டி, விழும். விகிதங்கள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால், கணக்கு புரிவதற்காக மட்டும் சுங்க வரியை 20 விழுக்காடு என்றும் ஐஜிஎஸ்டியை 18 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். உங்கள் பார்சலின் மதிப்பு 10,000. சுங்க வரி 2,000. 12,000 ரூபாய்க்கு ஐஜிஎஸ்டி 2,160. ஆக மொத்தம் 4,160. இரண்டு விகிதங்களையும் கூட்டி 8,000 ரூபாய்க்கு 38 விழுக்காடு என்று போட்டுப் பார்ப்பவர்களுக்கு 3,040 தான் வரும். அதனால்தான் வாசலில் வாய் அடைத்துப்போகிறது.

ஆனால் நான் ஆண்டுக்கணக்காகச் சொல்லி வருவது வேறொன்று. நீங்கள் படமெடுத்து அனுப்பிய சீட்டில் "டூட்டி மற்றும் இதர கட்டணம்" என்று ஒரே வாசகம், அதற்கு எதிரே ஒரே தொகை இருக்கிறது. அரசுக்குப் போனது எவ்வளவு, கூரியர் நிறுவனம் எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று அந்தச் சீட்டைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. கூரியர் நிறுவனம் உங்கள் சார்பில் வரியை முன்னதாகக் கட்டிவிட்டு, அதற்கென்று ஒரு கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் வசூலிக்கிறது. சேவைக்குக் கூலி கேட்பது தவறில்லை. அந்தக் கூலியை வரியோடு கலந்து எழுதுவதுதான் தவறு. பல நிறுவனங்கள் பார்சல் சிறியதானாலும் பெரியதானாலும் குறைந்தபட்சமாக ஒரு தொகையை வைத்திருப்பதால், ஆயிரம் ரூபாய்ப் பொருள் வாங்குகிறவருக்குத்தான் அடி பலமாக விழுகிறது. வாங்கியவரோ அரசைத் திட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறார்.

பில் ஆஃப் என்ட்ரி என்கிற இறக்குமதிப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அதில் இறக்குமதியாளர் என்று இருப்பது உங்கள் பெயர்; உங்களிடம் ஆதார் நகல் வாங்கியதும் அதற்காகத்தான். மதிப்பு, விகிதம், வரி மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கும். கூரியர் கட்டணத்துக்குத் தனி ரசீது வாங்குங்கள். இரண்டு தாளும் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.

கல்யாண வீடியோ எடுப்பதற்காக ட்ரோன் ஆர்டர் செய்தேன். சென்னையில் நிறுத்திவிட்டார்கள். வரி கட்டினால் விடுவார்களா? (ஆற்காடு)

விடமாட்டார்கள். வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரி 9 முதல் தடை இருக்கிறது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே விலக்கு.

கேட்டது ஒன்று, வந்தது வேறு. விற்றவர் பணத்தைத் திருப்பித் தருகிறார். கட்டிய வரி திரும்பக் கிடைக்குமா? (சத்துவாச்சாரி)

சட்டத்தில் வழி இருக்கிறது. சுங்கச் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி, பழுதான பொருளையோ ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளையோ பயன்படுத்தாமல் வைத்திருந்து, விடுவிக்கப்பட்ட 30 நாளுக்குள் திருப்பி ஏற்றுமதி செய்தாலோ சுங்கத்துறையிடமே விட்டுக்கொடுத்தாலோ, வரியைத் திரும்பக் கேட்கலாம். அதே பொருள்தான் திரும்பிப் போகிறது என்று அதிகாரிக்கு அடையாளம் காட்ட முடிய வேண்டும் என்பதால், பெட்டியையும் ஒட்டுச்சீட்டையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதை எனக்கு அன்று யாரும் சொல்லவில்லை. காவலூர் வானாய்வகத்தைப் பார்த்துவிட்டு வந்த ஆசையில், 2018-இல் என் சிறிய தொலைநோக்கிக்கு ஒரு கண்ணருகு லென்ஸை 60 டாலருக்கு வரவழைத்தேன். அனுப்புகூலி 42 டாலர், வரி ஏறத்தாழ 3,000 ரூபாய். நான் கேட்டது ஒன்றேகால் அங்குலக் குழாய். வந்தது இரண்டு அங்குலம். தொலைநோக்கியின் வாயில் வைத்தால் மூடிபோல் மேலேயே நிற்கும், உள்ளே இறங்காது. திருப்பி அனுப்பும் கூலியை விசாரித்தபோது அது பொருளின் விலையைத் தாண்டியது. அந்த லென்ஸ் இன்றும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது. ஆகவே முதல் வாரத்திலேயே கணக்குப் பாருங்கள். வரித்தொகை பெரிதாக இருந்தால் மட்டும் இந்த வழியில் இறங்குங்கள்.

செருப்புத் தைக்கும் இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்குகிறேன். 300 டாலர் பொருளை 20 டாலர் என்று எழுதி அனுப்புவதாக விற்பவர் சொல்கிறார். ஒத்துக்கொள்ளலாமா? (ஆம்பூர்)

கூடாது. மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பொருளைப் பறிமுதல் செய்யவும் அபராதம் விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. அப்போது மாட்டிக்கொள்வது நீங்களே தவிர விற்றவர் அல்லர். பார்சல் வழியில் தொலைந்தாலும் 20 டாலருக்குத்தான் இழப்பீடு கேட்க முடியும். போன ஆண்டும் இதே கேள்விக்கு இதே பதிலைத்தான் எழுதினேன்.

முகநூலில் பழகிய லண்டன் நண்பர் எனக்கு நகைப் பெட்டி அனுப்பியதாகச் சொன்னார். டெல்லி சுங்க அதிகாரி என்று ஒரு பெண் பேசினார். மூன்று தவணையாக 86,000 ரூபாய் கட்டிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (குடியாத்தம்)

அம்மா, இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை; இதையே தொழிலாக வைத்திருக்கிறவர்கள் உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய ரசீதுகளைப் பார்த்தேன். "கிளியரன்ஸ்", "ஸ்கேனிங்", "பணமோசடித் தடுப்புச் சான்று" என்று மூன்று பெயர்களில், மூன்று தனி மனிதர்களின் கணக்குகளுக்குப் பணம் போயிருக்கிறது. சுங்கத்துறை எந்த நாளும் தனிநபர் கணக்குக்குப் பணம் கட்டச் சொல்வதில்லை. அது அனுப்பும் கடிதங்களில் டின் என்கிற ஆவண அடையாள எண் இருக்கும், அதை மறைமுக வரிகள் வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். இந்தப் பதிலைப் படித்தவுடன் சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் இன்னும் எடுக்கப்படாத கணக்கு ஒன்று இருந்தாலும் அதை முடக்க வாய்ப்புண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு குறையும். ரசீது, அழைப்பு வந்த எண்கள், வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீர்கள். இன்று இரவே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். அடுத்த தவணை கேட்டு அவர்கள் மீண்டும் அழைப்பார்கள், அப்போது நீங்கள் தனியாக இருக்கக் கூடாது.

என் பேரனுக்கு அரிய நோய். மருத்துவர் எழுதிய மருந்து இங்கே கிடைப்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வாங்கினால் வரியே ஒரு சுமையாகிவிடுமே? (பேரணாம்பட்டு)

அம்மா, அரிய நோய்களுக்கான 2021-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கையில் இடம்பெற்ற நோயாக இருந்தால், சொந்தப் பயன்பாட்டுக்கு வரவழைக்கும் மருந்துக்கு 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்க வரியிலிருந்து முழு விலக்கு உண்டு. அதற்கு மத்திய அல்லது மாநிலச் சுகாதாரப் பணிகள் இயக்குநரிடமோ மாவட்ட மருத்துவ அலுவலரிடமோ சான்று பெற வேண்டும். அதோடு, மருத்துவரின் சீட்டை வைத்து மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் 12ஏ படிவத்தில் விண்ணப்பித்து, 12பி படிவத்தில் அனுமதியும் வாங்க வேண்டும். மருந்து குளிர்பதனத்தில் இருக்க வேண்டியதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியானால் இரண்டு தாளும் கைக்கு வந்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். தாளுக்காகப் பார்சல் கிடங்கில் காத்துக் கிடந்தால் மருந்து வீணாகிவிடும்.