மழைநீர் வடிகாலில் சாக்கடை ஓடினால் மேயரிடம் போகலாமா?

கேள்வி: எங்கள் தெரு மழைநீர் வடிகாலில் மாதக்கணக்கில் சாக்கடை ஓடுகிறது. மாநகராட்சியின் 1913 என்ற புகார் தொலைபேசி எண்ணில் இரண்டு முறை புகார் கொடுத்தோம். ‘சரிசெய்யப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்ததே தவிர, நாற்றம் போகவில்லை. மேயரிடமே மனு கொடுக்கலாமா? இதெல்லாம் மேயர் பார்க்கும் வேலையா? (சென்னை வாசகர்)

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் மேயரால் எது முடியும், எது முடியாது என்று தெரிந்துகொண்டு எழுதினால்தான் அந்த மனு நகரும்.

தூர் வார ஆள் அனுப்புவது, பொறியாளருக்கு உத்தரவிடுவது, ஒப்பந்ததாரருக்குப் பணம் கொடுப்பது எல்லாம் மாநகராட்சி ஆணையரின் கீழ் நடப்பவை. ஆணையர் மாநில அரசு நியமிக்கும் இ.ஆ.ப. அதிகாரி. மேயர் 200 கவுன்சிலர்கள் கொண்ட மாமன்றத்தின் தலைவர். மன்றக் கூட்டத்தை நடத்துவதும், எந்தப் பணி தீர்மானமாகிறது என்று பார்ப்பதும், ஆவணங்களை வரவழைத்துக் கேள்வி கேட்பதும், பணி நடக்கும் இடத்தை நேரில் ஆய்வு செய்வதும், மனுக்களை வாங்கி அதிகாரிகளிடம் பதில் கேட்பதும் அவருடைய அன்றாட வேலைகள். மன்றம் கூடும்வரை காத்திருக்க முடியாத அவசரப் பணிகளுக்கு ‘மேயரின் முன் அனுமதி’ என்றொரு வழியும் உண்டு. பணியைத் தொடங்கிவிட்டுப் பிறகு மன்றத்தில் வைத்து ஒப்புதல் பெறுவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1996-ல் சென்னை மக்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் கவுன்சிலர்கள் வாக்களித்துத்தான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் மேயரிடம் போவதற்கு முன் உங்கள் வார்டு கவுன்சிலரின் கையெழுத்தோடு ஒரு பரிந்துரைக் கடிதம் வாங்கிவிடுங்கள். அதே விஷயத்தை அவர் மன்றக் கூட்டத்தில் எழுப்பினால், அதிகாரிகள் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

உங்கள் பிரச்சினைக்கு வருவோம். புகார் திரும்பத் திரும்ப முடித்துவைக்கப்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இதில் இரண்டு அமைப்புகள் சம்பந்தப்பட்டிருக்கின்றன. மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் 1978-ல் உருவான குடிநீர் வாரியத்துடையவை. மாநகராட்சி ஆட்கள் வந்து வடிகாலைத் தூர் வாரி, படம் எடுத்து, புகாரை முடித்துவிடுவார்கள். கழிவுநீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே யாரும் கை வைப்பதில்லை. மறுநாளே பழைய கதை.

ஆகவே ஊற்று எது என்று முதலில் நீங்களே பாருங்கள். ஒரு வாரமாக மழை இல்லாதபோதும் வடிகாலில் கறுப்புத் தண்ணீர் ஓடினால் அது கழிவுநீர்தான். காலை 6 மணி முதல் 9 மணி வரை ஓட்டம் அதிகமாகி, மதியம் குறைந்தால் வீடுகளின் குழாய் திருட்டுத்தனமாக வடிகாலில் இணைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். நாள் முழுதும் ஒரே அளவில் ஓடி, பக்கத்து மேன்ஹோல் விளிம்புவரை நிரம்பி நின்றால், கழிவுநீர்ப் பிரதான குழாயில் அடைப்பு. மூடியைத் திறந்து பார்க்க முயலவே வேண்டாம். உள்ளே இருக்கும் நச்சுவாயு உயிரைக் குடித்துவிடும். மூடியின் ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

அடைப்பு என்றால் குடிநீர் வாரியத்தின் 044-4567 4567 எண்ணில் தனிப் புகார் பதியுங்கள். திருட்டு இணைப்பு என்றால் அதைத் துண்டித்து அபராதம் போட வேண்டியது மாநகராட்சி. முறையான கழிவுநீர் இணைப்பு கொடுக்க வேண்டியது வாரியம். இரண்டும் சேர்ந்து நடக்காவிட்டால், அடைத்த குழாயைச் சில நாளில் மறுபடி உடைத்துவிடுவார்கள். மேயர் தேவைப்படும் இடம் இதுதான். இரண்டு அமைப்பின் பொறியாளர்களையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்கவைக்க வார்டு உதவிப் பொறியாளரால் முடியாது, மேயர் அலுவலகத்தால் முடியும். மனுவில் ‘நடவடிக்கை எடுக்க வேண்டும்’ என்று பொதுவாக எழுதாமல், ‘மாநகராட்சி, குடிநீர் வாரியம் இருவரும் கூட்டாகக் கள ஆய்வு செய்ய உத்தரவிட வேண்டும்’ என்று கேளுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மண்டலம், வார்டு எண், தெரு, எந்தக் கதவு எண்ணிலிருந்து எந்தக் கதவு எண் வரை, தோராயமாக எத்தனை மீட்டர், பழைய புகார் எண்களும் அவை முடிக்கப்பட்ட தேதிகளும், தேதி தெரியும் இரண்டு படங்கள். இவ்வளவு இருந்தால் போதும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை. தெருவிளக்கையும் நாய்த் தொல்லையையும் சேர்த்தால், மூன்று துறைகளுக்குப் போய் எதிலும் முடியாது. மாநகராட்சித் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகையில் கொடுத்தாலும், 2023-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மேயர்’ முகாமில் கொடுத்தாலும், நகலில் முத்திரையும் பதிவு எண்ணும் வாங்காமல் திரும்பாதீர்கள். அந்த எண் இல்லாவிட்டால் மனு கொடுத்ததற்கே சாட்சி இல்லை.

பிறகு மனு ஆணையர் அலுவலகம், மண்டல அலுவலர், உதவிப் பொறியாளர் என்று இறங்கும். தூர் வாருவது, உடைந்த மூடியை மாற்றுவது பராமரிப்புச் செலவில் விரைவில் முடியும். வடிகாலையே புதிதாகக் கட்ட வேண்டுமென்றால் மதிப்பீடு, நிர்வாக ஒப்புதல், டெண்டர் என்று மாதங்கள் ஆகும். 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கே டெண்டர் போடக் குறைந்தது 15 நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது விதி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தோண்டும் வேலைகள் நின்றுவிடும். ஆகவே கோடையிலேயே மனுவைக் கொடுங்கள்.

30 நாளில் பதில் இல்லையென்றால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பியுங்கள். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் தட்டிக்கழித்துவிடுவார்கள். ‘இன்ன எண்ணுள்ள மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்புகளின் நகல், கள ஆய்வு அறிக்கையின் நகல், புகாரை முடித்த அலுவலரின் பதவி’ என்று ஆவணமாகக் கேளுங்கள். கோப்பு யார் மேசையில் நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். அடுத்த மனுவில் அந்தப் பதவியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.