ஏழாம் மாத இடுப்புவலி: மூச்சை அடக்காதீர்கள், நிதானமாக விடுங்கள்

கேள்வி: எனக்கு இப்போது 27-வது வாரம். உட்கார்ந்து எழுந்தாலே கீழ்முதுகு பிடித்துக்கொள்கிறது. டாக்டரிடம் சொன்னால், “இந்தச் சமயத்தில் அப்படித்தான் இருக்கும்” என்கிறார். ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். வயிற்றை வேகவேகமாக உள்ளே இழுத்து மூச்சுவிடவும், 10 எண்ணும்வரை மூச்சை அடக்கவும் சொல்கிறார்கள். செய்தால் தலைசுற்றுகிறது. மூச்சுப் பயிற்சியால் இந்த வலி குறையுமா?

பதில்: பலருக்குக் குறைகிறது. ஆனால் நீங்கள் செய்வது அந்தப் பயிற்சி அல்ல. அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

வயிறு முன்தள்ளத் தள்ள, கீழ்முதுகின் வளைவு கூடுகிறது. முன்பக்கம் தாங்கலாக இருந்த வயிற்றுத் தசைகள் இழுபட்டுப் பலம் குறைந்திருக்கின்றன. சுமை முழுக்க முதுகுத் தசைமேல் விழுகிறது. மூச்சை மெதுவாக வெளியே விடும்போது அடிவயிற்றின் உள்தசையும், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் அடியிலிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசையும் சேர்ந்து சுருங்கும். அந்தச் சில நொடிகள் முதுகுக்குத் தாங்கல் கிடைக்கிறது. பலன் மூச்சை விடுவதில்தான் இருக்கிறது, இழுப்பதிலோ அடக்குவதிலோ இல்லை.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. அது முழங்காலோடு நின்றுவிடாமல் கணுக்கால்வரை வரட்டும், இல்லாவிட்டால் மேல்கால் தொங்கி இடுப்பு முறுக்கிக்கொள்ளும். ஒரு கையைக் கீழ்விலாவின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கு வழியாக 3 அல்லது 4 எண்ணி மூச்சை இழுங்கள். கைக்கு அடியில் விலா விரிவது தெரிய வேண்டும். தோள் காதை நோக்கி ஏறினால் தப்பு. பிறகு உதட்டைக் குவித்து 6 எண்ணி விடுங்கள். பாதி விட்டதும், சிறுநீரை அடக்குவதுபோல் லேசாக மேலே இழுத்து, தொப்புளுக்குக் கீழே வயிறு மெல்ல உள்ளே வரவிடுங்கள். உங்கள் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். அடுத்த மூச்சை இழுக்கும்போது முழுசாகத் தளர்த்திவிட வேண்டும். பலர் இதை மறந்து இறுக்கிக்கொண்டே இருப்பார்கள், கடைசியில் இடுப்புத் தளமே வலிக்கத் தொடங்கும். 8 மூச்சு, நாளுக்கு 3 வேளை. மல்லாந்து படுத்துச் செய்ய வேண்டாம். கர்ப்பப்பையின் எடை பெரிய ரத்தக்குழாயை அழுத்தி மயக்கம் வரலாம்.

இது பழக்கத்துக்குத்தான். உங்கள் வலி எழும்போது வருகிறது, ஆகவே மூச்சும் அங்கேதான் வேலை செய்ய வேண்டும். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, கால்களை இடுப்பகலத்துக்கு வையுங்கள். மூச்சை இழுத்துக்கொண்டு, முன்னால் சாயும்போதே விடத் தொடங்கி, விட்டுக்கொண்டே எழுங்கள். படுக்கையில் புரளும்போதும் முழங்கால்களைச் சேர்த்து, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப, விட்டுக்கொண்டே புரளுங்கள். பெரும்பாலானவர்கள் தம் கட்டித்தான் எழுகிறார்கள். அந்த அழுத்தம் இழுபட்ட வயிற்றையும் இடுப்புத் தளத்தையும் இன்னும் தள்ளுகிறது.

தலைசுற்றலுக்கு வருகிறேன். கர்ப்பத்தில் நீங்கள் ஏற்கெனவே வழக்கத்தைவிட அதிகமாக மூச்சு வாங்குகிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துதான் இருக்கிறது. வேகமாக ஊதி ஊதி விட்டால் அது இன்னும் இறங்கும், தலை கிறுகிறுக்கும், விரலும் உதடும் மரத்துப்போகும். வேகமாக மூச்சுவிடும் கபாலபாதி, பஸ்திரிகா, மூச்சை அடக்கும் கும்பகம் மூன்றும் இப்போது வேண்டாம்.

உங்கள் வகுப்பில் சேர்க்கும்போது எத்தனையாவது வாரம், ரத்த அழுத்தம் எவ்வளவு, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று கேட்டார்களா? பணம் கட்டும் வழியை மட்டும் காட்டியிருந்தால் அங்கே இருக்காதீர்கள். “சுகப்பிரசவம் உறுதி” என்பவரை நம்பவே நம்பாதீர்கள், அந்த உறுதியை யாராலும் தர முடியாது. வகுப்போடு பெல்ட், தைலம் என்று கட்டிக் கொடுப்பவர்களும் உங்கள் இடுப்பைத் தொட்டுப் பார்த்து அளவு சொல்வதில்லை. எப்போது பயிற்சியை நிறுத்த வேண்டும் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் கர்ப்பிணிகளுக்குக் கற்றுத்தர லாயக்கில்லை.

இவர்களுக்கு இடம் கொடுத்ததே நம் செக்கப் முறைதான். எடை பார்க்க, ஸ்கேன் எழுத நேரம் இருக்கிறது, முதுகில் வலிக்கும் இடத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் இல்லை! “அப்படித்தான் இருக்கும்” என்பது சிகிச்சை அல்ல. அடுத்த முறை பிசியோதெரபிஸ்ட்டுக்குக் கடிதம் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

ஒரே ஒரு வகை வலி வந்தால் மட்டும் மூச்சுப் பயிற்சி செய்யவே கூடாது. உங்களுடையது எழுந்தால் வருகிறது, அதனால் தசை, மூட்டு வலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதற்குப் பதிலாக, எப்படிப் படுத்தாலும் மாறாமல் விட்டுவிட்டு ஒரு கணக்கில் வந்து போனால், வரும்போது வயிறு கல்லாக இறுகினால், கீழே அழுத்துவதுபோல் இருந்தால், அது குறைமாதப் பிரசவவலியாக இருக்கலாம். முதுகில் மட்டுமேகூட அது தொடங்கும். நிதானமாக மூச்சுவிட்டால் அந்த வலியும் சற்று மட்டுப்படும், ஆபத்தே அதில்தான்: “குறைந்துவிட்டதே” என்று காலைவரை காத்திருப்பீர்கள். 37 வாரத்துக்கு முன் இப்படி வந்தால் உடனே பிரசவ வார்டுக்குப் போங்கள். ரத்தமோ நீரோ கசிந்தாலும், காய்ச்சலோடு சிறுநீர் எரிந்தாலும், தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலும் அதே அவசரம்தான். அங்கே “முதுகுவலி” என்று ஆரம்பிக்காதீர்கள், வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். “27 வாரம், வலி விட்டுவிட்டு வருகிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.