கத்தரிச் சத்தமும் தரவும்

அன்புள்ள ஐயா,

நான் முதுகலை சமூகவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. ஊர் தென்காசிப் பக்கம். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன். இதுவரை 14 பேரிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். போன மாதம் ‘ஆய்வுத் தரவு மேலாண்மை’ என்று இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். வந்தவர் வேதியியல்காரர். சொன்ன உதாரணமெல்லாம் ஆய்வகக் கருவி, வெப்பநிலை, அளவீடு. கடைசியில், ‘தரவை எல்லோரும் பார்க்கும்படி இணையக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுங்கள்’ என்றார். பீடி சுற்ற இலை தரும் கடைக்காரர் எடை குறைத்துப் போடுவதை என்னை நம்பிச் சொன்ன அக்காக்களின் பேச்சை எப்படி ஏற்றுவது? எங்களுக்கு இந்தப் பயிற்சி தேவைதானா? இன்னொன்று: பதிவுகளில் இலை வெட்டும் கத்தரிச் சத்தம் அதிகம். ஆப் வைத்து நீக்கிவிட்டுப் பழைய கோப்புகளை அழித்துவிடலாமா? போனில் இடமில்லை.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

தேவைதான். அந்த வேதியியல்காரரைவிட உங்களுக்கு அதிகம் தேவை. அவருடைய அளவீடு தொலைந்தால் பெரும்பாலும் சோதனையை மறுபடி செய்துகொள்ளலாம். ஒரு கிழவி ஒருநாள் மதியம் மனசு வந்து சொன்னதை மறுநாள் கேட்டால் சொல்ல மாட்டாள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். இருபது வருடத்துக்கு முன்னால் தறிக்காரர்களிடம் பேசிப் பேசிக் கேசட்டாகச் சேர்த்தேன். ஒரு கேசட்டின் மேல், ‘7, பி பக்கம், வேப்பமரத்து வீட்டுத் தாத்தா’ என்று எழுதியிருக்கிறது. எழுதும்போது அந்த வீடு கண்ணிலேயே நின்றது. இன்று மரமும் இல்லை, தாத்தாவின் பெயரும் நினைவில்லை. அந்தப் பேச்சைக் கேட்டு எழுதிய எழுத்துப்படியின் கதை இன்னும் கூத்து. எல்லாவற்றையும், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘அம்மா’ என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டுப் பெரும்பகுதியை மீட்டேன். ஆனால் நடுநடுவே இருந்த ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி தமிழென்று நினைத்து மாற்றிக் குதறிவிட்டது.

இதெல்லாம் பெட்டி, பூட்டு விஷயம். பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தராமல் விட்டது வேறு: பேசியவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கு. அதற்கு அயர்லாந்துப் பக்கம் போக வேண்டும்.

அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் வாய்மொழி வரலாறு சேகரித்தது. உங்கள் சாவுக்குப் பிறகுதான் திறப்போம் என்று சொல்லித்தான் பேச வைத்தார்கள். திட்டத்தை நடத்தியவரோடு கல்லூரி போட்ட ஒப்பந்தத்தில், ரகசியம் காப்பது ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ என்று ஒரு வரி இருந்தது. பேசியவர்கள் கையெழுத்திட்ட தாளில் அந்த வரி இல்லை. 2011-ல், 1972-ல் கடத்திக் கொல்லப்பட்ட ஜீன் மெக்கான்வில் என்ற பெண்ணின் வழக்குக்காக, பிரிட்டன் கேட்டதன் பேரில் அமெரிக்க அரசு அந்தப் பதிவுகளை ஒப்படைக்கச் சொல்லி அழைப்பாணை அனுப்பியது. நீதிமன்றம் ஏறி இறங்கியும் ஒரு பகுதி போலீஸ் கைக்குப் போனது. பிறகு, கேட்பவர்களுக்குப் பதிவைத் திருப்பித் தந்துவிடுகிறோம் என்று கல்லூரி அறிவிக்க வேண்டி வந்தது. கொலைக்கு நியாயம் கேட்ட குடும்பத்தின் பக்கமும் நியாயம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் காக்க முடியாத வாக்கைக் கொடுத்தது ஆய்வாளர் தரப்பு.

உங்கள் அக்காக்களிடம், ‘யாருக்கும் தெரியாது’ என்று சொல்லியிருப்பீர்கள். எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்லியிருக்கிறேன். பெயரை மாற்றி ‘செல்வி’ என்று போட்டுவிட்டு, ‘மூன்று பெண்பிள்ளைகள், வீட்டுக்காரர் சவூதியில், பள்ளிவாசல் தெரு’ என்று எழுதினால் உங்கள் ஊரில் யாரென்று தெரியாதா? கடைக்காரருக்கு அரை நிமிடம் போதும். மறுநாள் இலை வாங்கப் போகிறவர் அந்த அக்கா, நீங்கள் அல்ல.

ஆகவே அவர்களிடம் மறுபடி போங்கள். பதிவு செய்ய ஒப்புதல், ஆய்வேட்டில் எடுத்தாள ஒப்புதல், பிற்பாடு மற்றவர்கள் கேட்க ஒப்புதல் – மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றாவதற்கு வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். களஞ்சியம் என்றாலே சந்தை மாதிரி திறந்து கிடக்கும் என்று பயிற்சியாளர் நினைத்துவிட்டார். எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1967-ல் தொடங்கிய பிரிட்டனின் சமூக அறிவியல் தரவுக் காப்பகம் மூன்று படிகள் வைத்திருக்கிறது: யாரும் எடுக்கலாம், பதிவு செய்து நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால் எடுக்கலாம், பயிற்சி பெற்று அனுமதி வாங்கியவர் மட்டும் பாதுகாப்பான சூழலில் பார்க்கலாம். பூட்டி வைப்பதும் மேலாண்மைதான்.

நாளை பி.எச்டி. சேர்ந்தால் பல்கலைக்கழக மானியக் குழு 2019-ல் கட்டாயமாக்கிய ஆய்வு நெறிமுறைப் பாடம் வரும். அதில் ‘தரவுத்தளங்கள்’ என்றொரு அலகைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கட்டுரைகளை யார் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்று பார்க்கும் தளங்களைப் பற்றியது அது.

இன்று ராத்திரியே செய்ய வேண்டியது: 14 பதிவுகளையும் போனிலிருந்து கணினிக்கும் ஒரு வன்தட்டுக்கும் எடுங்கள். மூன்றாவது பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். கோப்புப் பெயரில் தேதியும் எண்ணும் போதும், ஆள் பெயர் வேண்டாம். எந்த எண் யார் என்ற பட்டியல் தனியாக, கடவுச்சொல் போட்டு. போன் தானாகவே கூகுள் டிரைவுக்கு அனுப்புகிறதா என்றும் பாருங்கள். வாட்ஸப்பில் தோழிக்கு அனுப்பியிருந்தால் அங்கேயும் அழியுங்கள்.

கத்தரிச் சத்தத்துக்கு வருகிறேன். சுத்தம் செய்வதானால் பிரதியில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். எனக்கென்னவோ அந்தச் சத்தம்தான் உங்கள் ஆய்வு என்று படுகிறது. இலை வெட்டிக்கொண்டே பேசுகிறார்கள். கடைக்காரர் பேச்சு வந்ததும் கத்தரி நிற்கிறதா, வேகமாகிறதா? ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு எழுதுங்கள்.