ஒரே காலேஜுக்கு மட்டும் போட்டால் எப்படி?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 36. திருநெல்வேலியில் 2009-ல் பி.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி முடித்தேன். கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்து, இப்போது ஃப்ரீமான்ட்டில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்துவிட்டது. இரண்டு பையன்கள், ஸ்கூல் போகிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் இருக்கும் இரண்டு வருஷ நர்சிங் படிப்பில் சேர வேண்டும் என்று, அதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்களை ஒவ்வொன்றாக எடுத்தேன். அனாடமி, மைக்ரோபயாலஜி, இங்கிலீஷ் எல்லாவற்றிலும் ஏ. பிசியாலஜியில் மட்டும் பி. நர்சிங்கில் சேர எழுதும் டீஸ் தேர்வில் 84. பக்கத்தில் இருக்கும் காலேஜுக்கு விண்ணப்பித்தேன். "இம்முறை தேர்வாகவில்லை" என்று மெயில் வந்துவிட்டது. பிசியாலஜியைத் திரும்ப எழுதி ஏ வாங்கட்டுமா? என் கணவர், "காத்திருந்தது போதும், லோன் போட்டு பிரைவேட் காலேஜில் சேர்ந்துவிடு, அந்த ரெண்டு வருஷப் படிப்புக்கு என்ன மதிப்பு?" என்கிறார். மாமியாரோ, "இந்த வயசுல போய் பெட்பேன் எடுக்கணுமா?" என்கிறார். எனக்குக் குழப்பமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், ஃப்ரீமான்ட்

பதில்:

உங்கள் மதிப்பெண்களைப் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. கடிதத்தில் எனக்கு உறுத்தியது "பக்கத்தில் இருக்கும் காலேஜுக்கு" என்ற ஒருமைதான். ஒரே ஒரு காலேஜுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு, அது கிடைக்காததும் பிசியாலஜியில் வாங்கிய பி மேல் பழியைப் போடுகிறீர்கள்.

நம் ஊர்ப் பழக்கம் மனசுக்குள் உட்கார்ந்திருக்கிறது. பிளஸ் டூ மார்க், கட் ஆஃப், ரேங்க் லிஸ்ட், கவுன்சலிங். மாநிலம் முழுக்க ஒரே பட்டியல், அதில் நம் இடம் எங்கே என்று பார்த்தால் போதும். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் அப்படி ஒரே பட்டியல் கிடையாது. ஒரு காலேஜ் குறைந்தபட்சத் தகுதி உள்ள எல்லாருடைய பெயரையும் போட்டுக் குலுக்கி எடுக்கும். அங்கே உங்கள் ஏ-க்கும் இன்னொருவரின் பி-க்கும் வித்தியாசமே இல்லை. இன்னொரு காலேஜ் பாயின்ட் போட்டு மேலிருந்து எடுக்கும். வேறொன்று பாதி இடங்களைப் பாயின்ட்டிலும் மீதியைக் குலுக்கலிலும் கொடுக்கும். ஒரு காலேஜ் உங்களை எடுக்கவில்லை என்றால், அது எண்ணும் முறையில் இந்த வருஷம் நீங்கள் வரவில்லை, அவ்வளவுதான். அதனால் முதல் வேலையாக அந்தக் காலேஜின் நர்சிங் அலுவலகத்துக்கு ஒரு மெயில் போடுங்கள். எனக்கு எத்தனை பாயின்ட் வந்தது, கடைசியாக எடுக்கப்பட்டவருக்கு எத்தனை என்று மரியாதையாகக் கேளுங்கள். குலுக்கல் என்றால் பதிலே வேறு. பாயின்ட் என்றால் எங்கே விட்டோம் என்று தெரியும்.

பிசியாலஜியைத் திரும்ப எழுதும் யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். இங்கே சி அல்லது அதற்கு மேல் வாங்கிய பாடத்தை, கிரேடு ஏற்ற வேண்டும் என்பதற்காக அதே காலேஜில் திரும்ப எடுக்க விடமாட்டார்கள். வேறு காலேஜில் போய் எடுத்தாலும், முதலில் பாஸான கிரேடைத்தான் கணக்கில் எடுப்போம் என்று சொல்லும் இடங்கள் உண்டு. உயிரியல் பாடங்களை எத்தனை தடவை எழுதினீர்கள் என்று பார்த்து அதற்காகவே குறைக்கும் இடங்களும் உண்டு. ஒரு பி யாரையும் கெடுக்காது.

இப்போது பாயின்ட் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கையில் வைத்துக்கொண்டே பயன்படுத்தாத இரண்டு மூன்று விஷயங்கள் இதில்தான் இருக்கின்றன. பல அளவுகோல்களை வைத்து நர்சிங் மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் காலேஜ்கள் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கலிஃபோர்னியா கல்விச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. கிரேடும் டீஸ் மாதிரித் தேர்வும் அதில் ஒரு பகுதிதான். ஏற்கெனவே வாங்கிய பட்டம், மருத்துவத் துறையில் வேலை அல்லது தன்னார்வ அனுபவம், குடும்ப வருமானம், வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரி போனவரா என்பது போன்ற வாழ்க்கைச் சூழல், இவையும் உண்டு. அப்புறம் ஆங்கிலம் தவிர வேறு மொழி தெரியுமா என்பதும் உண்டு. அந்த மொழிகளுக்கு உதாரணம் சொல்லும் இடத்தில் ஸ்பானிஷ், டகாலாக் இவற்றோடு இந்தியத் துணைக்கண்டத்து மொழிகளையும் சேர்த்தே குறிப்பிட்டிருக்கிறார்கள். உங்கள் தமிழுக்குப் பாயின்ட் கிடைக்கலாம்! எந்த மொழிக்கு, எவ்வளவு, என்ன சான்று என்பது காலேஜுக்குக் காலேஜ் மாறும். பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட் போதுமா என்று கேட்டுவையுங்கள். "இது என்ன பெரிய தகுதி" என்று கூச்சப்பட்டு அந்தக் கட்டத்தைக் காலியாக விடும் நம்மவர்கள் நிறைய.

உங்கள் பி.எஸ்ஸி.யையும் இப்படித்தான் விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 2009 மைக்ரோபயாலஜி முன்பாடமாகச் செல்லாமல் போயிருக்கும். அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருஷத்துக்குள் படித்தவையாக இருக்க வேண்டும் என்று பல காலேஜ்கள் கேட்கின்றன, வெளிநாட்டு லேப் பாடங்களை ஏற்காத இடங்களும் நிறைய. அதனால்தான் திரும்பப் படித்தீர்கள், சரி. ஆனால் பாடம் பழசானாலும் பட்டம் பட்டம்தான். பட்டத்துக்குத் தனியாகப் பாயின்ட் தரும் காலேஜில் அது வேலைக்கு ஆகும். அதற்கு டபிள்யூ.இ.எஸ்., இ.சி.இ. மாதிரி நிறுவனம் ஒன்றிடம் மதிப்பீடு வாங்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நம் மூன்று வருஷப் பட்டத்தை ஒரு நிறுவனம் அமெரிக்க பேச்சிலர்ஸ் பட்டத்துக்குச் சமம் என்று எழுதலாம், இன்னொன்று மூன்று வருஷக் கல்லூரிப் படிப்பு என்று மட்டும் எழுதலாம். எந்த நிறுவனத்தின் அறிக்கையைக் காலேஜ் ஏற்கிறது என்று முதலில் கேட்டு, பிறகு பணம் கட்டுங்கள். பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) சீல் வைத்த உறையில் வந்து சேர மாதக்கணக்கில் ஆகலாம். ஊரில் தம்பியோ தங்கையோ இருந்தால் பல்கலைக்கழகம் இருக்கும் அபிஷேகப்பட்டிக்கு நேரில் அனுப்புங்கள். போனில் கேட்டால் "அனுப்பியாச்சும்மா" என்றுதான் பதில் வரும்.

டீஸில் உங்கள் 84-ஐத் தொட வேண்டாம். கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் தேர்ச்சிக்கு 62 போதும். 170 கேள்விகள், 209 நிமிடம்; இங்கிலீஷில் பேசவே தயங்கி வந்த ஒருவர் அதில் 84 எடுப்பது சின்ன விஷயம் இல்லை. முதலில் பாஸான மதிப்பெண்ணை மட்டும் எடுக்கும் காலேஜ்களும் இருப்பதால் திரும்ப எழுதுவதில் லாபம் குறைவு.

எந்தெந்தக் காலேஜ்? உங்கள் வீட்டிலிருந்து கார் ஓட்டிப் போகிற தூரத்திலேயே ஓலோனி, ஹேவர்டில் ஷபோ, கூப்பர்ட்டினோவில் டி ஆன்ஸா, சான் ஹோஸேயில் எவர்கிரீன் வேலி என்று நான்கு இடங்கள் இருக்கின்றன. இவற்றில் எங்கே போட்டீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லை, பரவாயில்லை. கொஞ்சம் தூரம் போகத் தயார் என்றால் சான் மேட்டியோ, இன்னும் தெற்கே கபிரியோ. ஒவ்வொன்றின் விண்ணப்ப நாட்களும் வேறு வேறு, முன்பாடப் பட்டியலும் கொஞ்சம் மாறும். ஒன்றில் ஸ்டாடிஸ்டிக்ஸ் கேட்பார்கள், இன்னொன்றில் சைக்காலஜி, ஸ்பீச். ஒரு நோட்டை எடுத்து, காலேஜுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதுங்கள். நீங்கள் படித்த எல்லாக் காலேஜிலிருந்தும் டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். ஒரே ஒரு தாள் வராததால் விண்ணப்பத்தைப் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். மாற்றுப் பட்டியலில் (காத்திருப்போர் பட்டியல்) இடம் கிடைத்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். வகுப்பு தொடங்கும் வாரத்தில்கூட அழைப்பு வரும், அப்போது தெரியாத எண் என்று போனை எடுக்காமல் விட்டுவிடக் கூடாது.

உங்கள் கணவருக்கு இரண்டு பதில்.

ஒன்று, மதிப்பு பற்றி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நர்ஸ்கள் போதாமல் இருந்த காலத்தில், மில்ட்ரெட் மான்டாக் என்ற நர்சிங் பேராசிரியை இரண்டு வருஷக் கல்லூரிப் படிப்பாக நர்சிங்கைக் கொடுக்கலாம் என்று 1951-ல் தன் ஆய்வேட்டில் எழுதினார். அடுத்த வருஷமே சில ஜூனியர் காலேஜ்களில் சோதித்துப் பார்த்தார்கள். அங்கே ஆரம்பித்ததுதான் இது. இன்றைக்கும் இரண்டு வருஷம் படித்தவரும் நான்கு வருஷம் படித்தவரும் எழுதுவது என்க்ளெக்ஸ் என்ற அதே லைசென்ஸ் தேர்வு, வாங்குவது அதே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) லைசென்ஸ். சில பெரிய ஆஸ்பத்திரிகள் பி.எஸ்.என். என்ற நான்கு வருஷப் பட்டம் உள்ளவர்களுக்கு முதலிடம் கொடுப்பது உண்மைதான். அதற்கு ஆர்.என். ஆகி, சம்பாதித்துக்கொண்டே மேலே படிக்கலாம்.

இன்னொன்று, பணம் பற்றி. கம்யூனிட்டி காலேஜில் மாநிலத்தில் குடியிருப்பவருக்கு ஒரு யூனிட் 46 டாலர். நர்சிங் பாடங்கள் 40 யூனிட் என்று வைத்தால் 1,840 டாலர். புத்தகம், யூனிஃபார்ம், ஸ்டெதஸ்கோப், தடுப்பூசி எல்லாம் சேர்த்தாலும் பிரைவேட் காலேஜ் கேட்கும் தொகைக்குப் பக்கத்தில்கூட வராது. அங்கே பல பத்தாயிரக் கணக்கில் போகும். பிரைவேட் எல்லாம் மோசம் என்று சொல்லமாட்டேன். வீட்டு நிலைமை தாங்கும், இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க முடியாது என்றால் அதுவும் ஒரு வழி. ஆனால் கையெழுத்துப் போடும் முன் கலிஃபோர்னியா போர்டு ஆஃப் ரெஜிஸ்டர்டு நர்சிங் இணையதளத்தில் அந்தக் காலேஜ் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். ஒவ்வொரு காலேஜிலும் முதல் தடவையில் என்க்ளெக்ஸ் பாஸானவர்கள் எத்தனை சதவீதம் என்று அங்கேயே போட்டிருப்பார்கள். அது 75-க்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. 76-லும் 78-லும் தள்ளாடுகிற இடத்துக்கு லோன் போட்டுப் போகாதீர்கள். "ப்ரீ-நர்சிங்" என்று சேர்த்துக்கொண்டு, நர்சிங் இடம் அப்புறம் பார்க்கலாம் என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே முடித்த பாடங்களுக்குத்தான் திரும்பப் பணம் கட்டுவீர்கள்.

இவ்வளவு போட்டி ஏன் என்றும் கேட்கலாம். நர்ஸ் தட்டுப்பாடு என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள், இன்னொரு பக்கம் காலேஜில் இடம் இல்லை. பாடம் நடத்த ஆள் இல்லை என்பது ஒரு காரணம். வார்டில் நின்று வேலை பார்க்கும் நர்ஸுக்கு வகுப்பில் கிடைப்பதைவிட நல்ல சம்பளம். மாணவர்களை ஏற்று வார்டில் நிறுத்த ஆஸ்பத்திரிகளில் இடமும் குறைவு. இதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை.

மாமியார் கேட்டதை நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது. கௌரவம் பார்த்துக் கேட்டிருந்தால், வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே பி.எஸ்ஸி. நர்சிங் ஆரம்பித்துவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். ஆனால் பெட்பேன் எடுக்க வேண்டும் என்பது உண்மை. வாந்தி, ரத்தம், இரவு ஷிஃப்ட் எல்லாம் உண்டு. 36 வயதில் அதில் இறங்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அடுத்த விண்ணப்பம் வரைக்கும் இருக்கிற மாதங்களில் சி.என்.ஏ. (நர்சிங் உதவியாளர்) பயிற்சி எடுங்கள். கலிஃபோர்னியாவில் அது குறைந்தது 160 மணி நேரம்: 60 வகுப்பு, 100 நோயாளிகளோடு. படுக்கையில் இருக்கும் முதியவரைத் திருப்பிப் படுக்க வைப்பது, குளிப்பாட்டுவது, சாப்பாடு ஊட்டுவது என்று எல்லாம் கையால் செய்து பார்ப்பீர்கள். பிடிக்கவில்லை என்றால் சில வாரங்களில் தெரிந்துவிடும். பிடித்தால், விண்ணப்பத்தில் அனுபவம் கேட்கும் கட்டத்தை நிரப்பவும் அது உதவும்.

வீட்டில் இன்னொன்றும் பேச வேண்டும். கிளினிக்கல் ஒரு யூனிட் என்றால் வாரத்துக்கு 3 மணி நேரம் ஆஸ்பத்திரியில். ஒரு செமஸ்டரில் அப்படி ஐந்து யூனிட் வந்தால் 15 மணி நேரம், அதுவும் விடியுமுன் கிளம்ப வேண்டிய நாட்கள். பையன்களை ஸ்கூலுக்கு யார் கொண்டுவிடுவது? மாமியார் உங்களோடு இருக்கிறார் என்றால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவர் இல்லாமல் அந்த இரண்டு வருஷம் ஓடாது. கணவரும் லோன் பற்றி யோசித்தது போலவே, வாரத்தில் எந்த இரண்டு நாள் தான் வீட்டைப் பார்த்துக்கொள்வோம் என்பது பற்றியும் யோசிக்கட்டும்.

கணவரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் மற்ற வாசகிகளுக்கு ஒரு வரி: படிக்கத் தடை இல்லை, ஆனால் வேலை அனுமதி அட்டை இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது, அதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

கடைசியாக, இடம் கிடைத்ததும் ஆஸ்பத்திரி கேட்கும் மருத்துவச் சான்றுகள். நம் ஊர் தடுப்பூசி அட்டை தொலைந்திருந்தால் கவலை வேண்டாம், தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் பி-க்கு ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளலாம். ஹெபடைட்டிஸ் பி ஊசியை முதலிலிருந்து போட வேண்டி வந்தால் பொதுவாக ஆறு மாதம் ஆகும், அதனால் இதை முன்னாலேயே பார்த்துவையுங்கள். காசநோய்க்குக் கையில் ஊசி குத்திப் பார்க்கும் சோதனைக்குச் சட்டென்று ஒப்புக்கொள்ளாதீர்கள். சின்ன வயசில் பி.சி.ஜி. போட்ட நமக்கு, நோய் இல்லாமலே அந்த இடம் தடித்துப் பாசிட்டிவ் என்று காட்டலாம், அப்புறம் எக்ஸ்ரே, கடிதம் என்று அலைய வேண்டிவரும். பி.சி.ஜி. போட்டிருக்கிறேன், ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேளுங்கள். பி.சி.ஜி. அதைக் குழப்பாது.