பி.எட். படிப்பா, புரத ஆய்வா? கொழிஞ்சாம்பாறைத் தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. உயிர் வேதியியல் இறுதிப் பருவத்தில் இருக்கும் உங்கள் மகள், செல்களில் நடக்கும் புரதப் பாஸ்பாரிலேற்றத்தை, அதாவது புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதைக் கண்டறியும் ஆய்வில் ஆறு மாதத் திட்டப்பணிக்காகத் திருவனந்தபுரம் செல்ல விரும்புவதாகவும், பி.எட். முடித்துப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்திலேயே தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாவதே அவருக்கு நல்லது என நீங்கள் கருதுவதாகவும் எழுதியிருந்தீர்கள். என் கருத்தைக் கேட்டால், திட்டப்பணிக்கு அனுப்புங்கள். அது முடிந்ததும் அவருக்கு ஆய்வுக்கூடக் கைவேலை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதைப் பார்த்து மற்றதை முடிவு செய்யலாம்.

புரதங்களிலுள்ள செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களில் கைனேஸ் நொதிகள் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. பாஸ்பட்டேஸ் நொதிகள் அதை நீக்குகின்றன. செல் பெருகுவதும் நிற்பதும் பெரிதும் இதைப் பொறுத்தவை. இந்தக் கட்டுப்பாட்டு முறையைக் கண்டறிந்த எட்மண்ட் பிஷரும் எட்வின் கிரெப்ஸும் 1992இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமான கைனேஸைத் தடுக்கும் இமாடினிப் மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் வெற்றிக்குப் பிறகு மருந்து நிறுவனங்கள் கைனேஸ்களை விடாமல் துரத்துவதால், பெங்களூருவிலும் ஐதராபாத்திலும் உள்ள ஒப்பந்த ஆய்வு நிறுவனங்களில் இந்தச் சோதனைகள் தெரிந்தவர்களுக்கு இடம் இருக்கிறது.

மகள் பெரும்பாலும் கற்கப்போவது, குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைக் கொண்டு அதைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட் முறையாகத்தான் இருக்கும். செல்லை உடைத்த பின்னும் பாஸ்பட்டேஸ்கள் ஓய்வதில்லை. ஆகவே எல்லாவற்றையும் ஐஸில் வைத்து, சோடியம் ஆர்த்தோவனடேட், சோடியம் ஃப்ளோரைடு போன்ற தடுப்பான்களைச் சேர்க்காவிட்டால், தேடுகிற பாஸ்பேட் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். புரதங்களை ஜெல்லில் பிரித்துச் சவ்வுக்கு மாற்றியபின், சவ்வில் புரதம் ஒட்டாத இடங்களை மூடப் பலரும் பால்பவுடர் கரைசலைப் பயன்படுத்துவார்கள். ஆனால் பாலிலுள்ள கேசினே பாஸ்பேட் ஏறிய புரதம் என்பதால், பாஸ்பேட்டைத் தேடும் ஆன்டிபாடியோடு அது குழப்பம் விளைவிக்கக்கூடும். இவ்வகைச் சோதனைக்கு அல்புமின் கரைசலே பாதுகாப்பானது. அதே புரதத்தின் மொத்த அளவையும் பக்கத்தில் காட்டவேண்டும். இல்லையேல் கூடியது பாஸ்பேட்டா, புரதமா என்று சொல்ல முடியாது. ஒரு மாதிரியில் பாஸ்பட்டேஸைச் சேர்த்துப் சவ்வில் பாஸ்பேட்டைக் காட்டும் பட்டை மறைகிறதா என்று பார்ப்பதும் நல்ல வழக்கம். இவற்றை ஏன் செய்கிறோம் என்று அவர் தம் வாயால் விளக்குவாரானால் ஆய்வுக்கூடத்தில் ஏதோ கற்றிருக்கிறார் என்று நம்பலாம். புரதத்தின் எந்த இடத்தில் பாஸ்பேட் ஏறியது என்பதை மூலக்கூறுகளின் நிறையை அளந்து காட்டும் நிறை நிறமாலைமானி விலை உயர்ந்த கருவி. அதைத் தனி வல்லுநரே இயக்குவார், மாணவி தொடாவிட்டால் குறையில்லை.

கதிரியக்கம் குறித்துக் கேட்டிருந்தீர்கள். பாஸ்பரஸ்-32 என்ற ஐசோடோப்பைக் கொண்டு செய்யும் பழைய முறை உண்டு. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 14 நாள். ஆன்டிபாடிகள் வந்தபின் பல ஆய்வுக்கூடங்களுக்கு அது தேவைப்படுவதில்லை. இருப்பினும் வழிகாட்டியிடம் மகள் நேரடியாகக் கேட்டுவிடட்டும். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சோதனைகளைத் தம் கையால் செய்யவிடுவார்களா, ஆன்டிபாடி வாங்க நிதி இருக்கிறதா என்பதையும் கேட்கவேண்டும், ஏனெனில் ஆறு மாதமும் பிறர் செய்வதை வேடிக்கை பார்த்துத் திரும்பியவர்கள் உண்டு. இரண்டு வாரச் சான்றிதழுக்குப் பெருந்தொகை கேட்கும் தனியார் பயிற்சிகள் வேண்டாம்.

முனைவர் பட்டம் என்றால், சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுபவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப்படி தனியாகவும் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் ஐந்தாண்டு வரை ஆகிவிடும்; நிரந்தரப் பணியிடங்களும் மிகக் குறைவு. இதை மறைத்து உங்களுக்கு ஆசைகாட்ட எனக்கு விருப்பமில்லை.

பி.எட். எங்கும் ஓடிவிடாது. ஆனால் உயிர் வேதியியல் பட்டம் தமிழ்வழி இயற்கை அறிவியல் ஆசிரியர் பணிக்கு ஏற்கப்படுகிறதா என்பதைக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) அறிவிக்கையிலும் கே-டெட் எனும் கேரள ஆசிரியர் தகுதித் தேர்வு விதிகளிலும் பார்த்த பிறகே கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுங்கள்.